காலை பத்து மணிக்கு மேல்

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அப்பாவோ அம்மாவோ மட்டும் இருக்கிறார். சாப்பாடு ஹாட்பாக்சில் இருக்கிறது. மாத்திரையை வேளைக்கு வேளை பிரித்து வைத்தாயிற்று. கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லியாயிற்று. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வர இரவு ஏழு ஆகும். அதுவரை டிவி, கொஞ்சம் தூக்கம், மறுபடி டிவி. கேட்டால், "எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். சாப்பாட்டிலும் மருந்திலும் குறை வைக்காத எத்தனையோ வீடுகளில் இந்த ஒன்பது மணி நேரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பேச்சுத் துணை இல்லாமல் போவது மனதோடு நிற்கிற விஷயம் அல்ல. மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம், நம்மால் மாற்ற முடிகிற 14 ஆபத்துக் காரணிகளை 2024இல் பட்டியலிட்டது. சமூகத்திலிருந்து ஒதுங்கி வாழ்வது அவற்றில் ஒன்று. காது மந்தமாவதும் பார்வை குறைவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். ஆகவே இது நம் தெருவில் பல வீடுகளின் பிரச்சினை.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான். உங்கள் அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் போகாவிட்டால், மறுநாள் "நேத்து ஏன் வரலை?" என்று கேட்க அங்கே ஒருவராவது இருக்க வேண்டும். பூங்கா பெஞ்சு, கோயில் மண்டபம், நூலகம், கட்டணம் வாங்கும் பகல்நேர மையம் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்படிக் கேட்கும் ஆள் இல்லாத இடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்யும். நம் தேடலெல்லாம் அந்த ஒரு ஆளைத் தேடுவதுதான்.

முதலில் எந்த நிலையில் இருக்கிறார்?

எங்கே அனுப்பலாம் என்று விசாரிப்பதற்கு முன், ஒரு வாரம் கூர்ந்து கவனியுங்கள். மூன்று நிலைகளில் ஒன்றில் அவர் இருப்பார்.

முதல் நிலையில் இருப்பவர் தானாக வெளியே போய் வழி தவறாமல் திரும்புவார். மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வார். இவருக்குப் பராமரிப்பு தேவையில்லை, ஆட்கள் தேவை. நடை தூரத்தில் இருக்கும் குழுக்களே போதும்.

இரண்டாம் நிலையில் இருப்பவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும், உடம்பு ஒத்துழைக்காது. படி ஏற ஒரு கை வேண்டும், வாக்கர் வேண்டும், மதிய மாத்திரையை யாராவது நினைவுபடுத்த வேண்டும். பகல்நேர மையங்களால் முழுப் பயன் பெறுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

மூன்றாம் நிலை, மறதி நோயோ பக்கவாதமோ வந்து தனியாக விடவே முடியாத நிலை. அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது, ஒரே மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்வது ஆகியவை இதன் அறிகுறிகள். இவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள மையமோ, வீட்டில் முழுநேரத் துணையோ வேண்டும்.

எந்த நிலை என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால், முதியோர் மருத்துவப் பிரிவில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் முதியோர் மருத்துவம் வேர்விட்ட இடமே சென்னை அரசு பொது மருத்துவமனைதான். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் அங்கே அந்தப் பிரிவைத் தொடங்கினார். இன்று கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மாவட்டங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"நான் எங்கேயும் வரலை"

பெரும்பாலான வீடுகளில் தேடல் இந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. பிடிவாதம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற காரணம் ஒன்று உள்ளே இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

காது: நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி மற்றவர்கள் சிரித்த ஒரு சம்பவம் போதும், அதன் பிறகு கல்யாணத்துக்குக்கூட வரமாட்டார். காது மிஷின் வாங்கி அலமாரியில் கிடந்தால், திரும்ப எடுத்துப் போய்ச் சரியாகப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். பழக்கப்படச் சில வாரம் ஆகும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு ஒன்றிய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது மிஷின், கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. 2017 முதல் இந்தத் திட்டம் நடக்கிறது.

கழிப்பறை: அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதும், அடக்க முடியாமல் போவதும் அம்மாக்கள் வெளியே வர மறுப்பதற்குப் பெரிய காரணம். மகனிடம் இதைச் சொல்லவே மாட்டார்கள். மகளோ மருமகளோ தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும். மருத்துவரிடம் காட்டினால் இதில் பலவற்றைச் சரிசெய்யலாம். மூட்டு வலி உள்ளவருக்கு உட்கார்ந்து எழ வசதியான வெஸ்டர்ன் கழிப்பறை போகிற இடத்தில் இருக்கிறதா என்று நீங்களே முன்கூட்டிப் பார்த்து வந்து சொன்னால், பாதித் தயக்கம் போய்விடும்.

கையில் காசு: நாற்பது வருஷம் சம்பாதித்த மனிதர், நண்பர்கள் டீ வாங்கிக் கொடுத்தால் பதிலுக்குத் தானும் வாங்கித் தர வேண்டும் என்று நினைப்பார். சட்டைப் பையில் பணம் இல்லாவிட்டால் போவதையே நிறுத்திவிடுவார். கேட்டு வாங்கும் நிலையில் அவரை வைக்காதீர்கள். மாதாமாதம் ஒரு தொகை, கணக்குக் கேட்காமல், அவர் கையில் இருக்கட்டும்.

துணையை இழந்த பின் வரும் தயக்கம்: கணவர் போன பிறகு நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே போனால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் இன்னும் பல அம்மாக்களிடம் இருக்கிறது. இதை உபதேசத்தால் போக்க முடியாது. அதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மாவோடு சேர்த்து அனுப்பினால் போகும்.

பெரிய பயம்: "முதியோர் இல்லத்துல விட்டுருவாங்க." பகல்நேர மையத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே இதுதான் மனதில் எழும். இதை எப்படிப் பேசுவது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பழைய வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள்

"வயசானவங்களுக்கு என்ன இருக்கு?" என்று தேடினால் யோகாவும் பஜனையும்தான் கண்ணில் படும். உங்கள் அப்பா ஐம்பது வயதில் மாலை நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? அம்மா யாரோடு, எதைச் செய்யும்போது சிரித்துப் பேசினார்? ஒரு தாளில் எழுதுங்கள். தொழிற்சங்கக் கூட்டம், கேரம், சீட்டு, இலக்கியக் கூட்டம், பட்டிமன்றம், கட்சி வேலை, தோட்டம், தையல், கோலம், மாவு அரைக்கப் போன இடத்துப் பேச்சு என எதுவும் அற்பமானது அல்ல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்கு இலக்கணம் சொல்லித்தரும் ஒரு மணி நேரம் எந்த மையத்தையும்விட உயர்ந்தது. ரயில்வே, மின்வாரியம், வங்கி, எல்ஐசி, தபால் துறை ஆகியவற்றில் வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வூதியர் சங்கங்கள் உண்டு. கிளைக் கூட்டங்களில் கணக்கு எழுதவும் மனு எழுதவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். பழைய சகாக்கள் இருக்கும் இடத்தில் அவர் 'தாத்தா' ஆகிவிடுவதில்லை, பழைய பெயராலேயே அழைக்கப்படுவார்.

கிராமத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிக்கு வந்த பெற்றோரின் நிலை வேறு. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் கூட்டமாகப் போய்வந்த அம்மாவை, ஐந்தாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம். அவருக்கு லிஃப்ட் பொத்தான்கள் பழகவே சில நாள் ஆகும். அவருக்குச் சங்கம், நூலகம் என்று தொடங்காதீர்கள். கீழே செடி வைக்க ஓர் இடம், அதே வட்டார வழக்கில் பேசும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர், காய்கறிக்காரரிடம் தானே பேரம் பேசி வாங்கும் பொறுப்பு, இந்த மூன்றில் தொடங்குங்கள். வருஷத்துக்குச் சில வாரமாவது ஊரில் இருந்துவர ஏற்பாடு செய்யுங்கள். திருவிழா மாதம் அதற்கு ஏற்றது.

இன்னொன்று. வீட்டு வேலை முழுவதையும் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். கீரை ஆய்வது, பேரக்குழந்தையைப் பள்ளி வேன் வரை கூட்டிப் போவது, ரேஷன் கடைக்குப் போவது போன்றவை அவர்களுக்குத் தெருவோடு இருக்கும் உறவு.

நடை தூரத்தில் என்ன இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்தை நீங்களே நடந்து பாருங்கள். கீழே சொல்பவற்றில் இரண்டு மூன்றாவது கண்ணில் படும்.

பூங்கா: காலை ஆறு மணி முதல் எட்டு வரை நடைப்பயிற்சிக் குழுக்களும் சிரிப்பு யோகாக் குழுக்களும் கூடும். ஒரே பெஞ்சில் ஒரே நேரத்தில் தினமும் உட்காரும் ஐந்தாறு பேரைப் பார்ப்பீர்கள். முதல் வாரம் நீங்கள் கூடவே போய் அறிமுகம் செய்து வையுங்கள். "எங்க அப்பா, மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவர்" என்ற ஒரு வரி போதும், பேச்சு தானாகத் தொடரும்.

நூலகம்: பொது நூலகத் துறையின் கிளை நூலகங்கள் சிற்றூர்களிலும் உண்டு. நாளிதழ் வாசிக்க வரும் முதியவர்கள் அங்கே ஒரு குழுவாகவே இருப்பார்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் நடக்கிறது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிர்வசதி, லிஃப்ட், நல்ல கழிப்பறை ஆகியவற்றோடு இருக்கின்றன. வெயில் காலத்தில் ஒரு பகல் முழுவதையும் அங்கே கழிக்கலாம்.

வழிபாட்டு இடம்: திருவாசக முற்றோதல், திருப்புகழ் வகுப்பு, மார்கழி பஜனை, பூத்தொடுக்கும் கைங்கரியம், தேவாலயத்தின் முதியோர் ஐக்கியக் கூட்டம் என எதில் சேர்ந்தாலும் ஒரு பொறுப்பை வாங்கிக்கொடுங்கள். வெறுமனே போய்வருபவரைவிட, பூ கொண்டுவரும் பொறுப்பில் இருப்பவரைத்தான் வராத நாளில் தேடுவார்கள்.

சபாக்களும் மன்றங்களும்: சென்னையில் மார்கழி இசை விழாவின்போது இளம் கலைஞர்களின் பகல் நேரக் கச்சேரிகளைப் பல சபாக்களில் டிக்கெட் இல்லாமலே கேட்கலாம். அதே ரசனை உள்ளவர்கள் ஒவ்வொரு நாளும் அருகருகே அமர்வதால் நட்பு தானாக அமையும்.

போய்வரும் செலவு: தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் 60 வயது கடந்தவர்கள் மாநகரப் பேருந்துகளில் போக மாதம் 10 இலவச டோக்கன்களை மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் பெறலாம். படி ஏறச் சிரமப்படுபவர்கள் தாழ்தளப் பேருந்து எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று பார்த்து வையுங்கள். தனியாகப் பேருந்தில் விடப் பயமாக இருந்தால், நம்பிக்கையான ஓர் ஆட்டோக்காரரிடம் மாத வாடகை பேசிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோலவே இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பேசினால் கட்டணம் குறையும், துணையும் சேரும்.

பகல்நேர மையங்களை எங்கே விசாரிப்பது?

காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் மையங்கள் தமிழ்நாட்டில் இன்னும் குறைவு. ஆனால் பெருகி வருகின்றன.

தமிழ்நாடு அரசு 2025–26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 'அன்புச்சோலை' மையங்களை அறிவித்தது. 2025 நவம்பரில் திருச்சியில் இத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பெரும்பாலும் மாநகராட்சிப் பகுதிகளில், தொண்டு நிறுவனங்களின் வழியாக இவை இயங்குகின்றன. உணவு, யோகா, இயன்முறை சிகிச்சை, வாசிப்பு, விளையாட்டு என்று பகல் பொழுதை நிரப்புவதுதான் நோக்கம். உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது, இடம் காலியாக இருக்கிறதா என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரித்தால் அந்த அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள்.

முதியோர் உதவி எண் 14567. கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். துன்புறுத்தல் பற்றிய புகாருக்கு மட்டுமே இந்த எண் என்று பலர் நினைக்கிறார்கள். அருகிலுள்ள பகல்நேர மையம், மருத்துவ உதவி, ஓய்வூதியம், சட்ட ஆலோசனை என எதைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பேச ஆள் இல்லாமல் மனம் தளர்ந்த முதியவரும் அழைக்கலாம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

1978இல் தொடங்கிய ஹெல்ப்பேஜ் இந்தியா, முதியோர் நலனுக்காகவே நாடு முழுவதும் இயங்கும் அமைப்பு. சென்னையிலும் அலுவலகம் உண்டு. இவை தவிர, மருத்துவமனைகளும் தனியார் நிறுவனங்களும் தேவாலயங்களும் நடத்தும் மையங்கள் உண்டு. சில முதியோர் இல்லங்களும் பகலில் மட்டும் வருபவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். நாள் கணக்கா, மாதக் கணக்கா, வராத நாளுக்குப் பணம் உண்டா, வண்டிக்குத் தனியா, டயப்பர் மாற்றுவதற்குத் தனியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரில் போய்ப் பார்க்கும்போது

சொல்லாமல் ஒருமுறை போங்கள், காலை பதினொரு மணி வாக்கில். அந்த நேரம்தான் மையத்தின் உண்மையான முகம். போனதும் சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்காமல் அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். இரண்டு பேராவது ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்களா? இல்லை, எல்லோரும் டிவியைப் பார்த்தபடி வரிசையாக அமர்ந்திருக்கிறார்களா? பிறகு இவற்றைக் கேளுங்கள்:

• எத்தனை முதியவர்களுக்கு ஒரு பணியாளர்? அவர்கள் எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறார்கள்? மாதத்துக்கொரு ஆள் மாறும் இடத்தில் பெற்றோர் பழகவே மாட்டார்கள்.

• பணியாளர்கள் முதியவர்களை எப்படி அழைக்கிறார்கள்? "ஐயா", "அம்மா", "வாங்க, போங்க" என்றா, "ஏய் பாட்டி, உக்காரு" என்றா?

• மதிய மாத்திரையைத் தருவது யார்? எங்கே குறித்து வைக்கிறார்கள்? சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்வார்கள்?

• தரை வழுக்குமா? கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? உள்ளே தாழ் போட்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா?

• சாப்பாடு அங்கேயே சமைப்பதா? சர்க்கரை நோயாளிக்கும் பல் இல்லாதவருக்கும் தனியாக உண்டா? சைவமா, அசைவமா? வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா?

• மதியம் படுத்து எழக் கட்டில் இருக்கிறதா? இது சின்ன விஷயம் அல்ல. மதியம் கண்ணயர இடமில்லாத மையத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் யாரும் போகமாட்டார்கள்.

• அவசரத்துக்கு எந்த மருத்துவமனை? யார் கூடப் போவார்கள்?

• குடும்பத்தினர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? "முன்கூட்டிச் சொல்லிட்டு வாங்க" என்று வற்புறுத்தும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, அங்கே வரும் ஒரு முதியவரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். நிர்வாகி ஒரு மணி நேரம் சொல்லாததை அவர் சொல்வார்.

மறதி நோய் இருந்தால்

மறதி நோய் உள்ளவரைச் சாதாரண மையத்தில் சேர்த்தால் அவருக்கும் சிரமம், மற்றவர்களுக்கும் சிரமம். இந்நோய்க்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள இடமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1984 முதல் சென்னையில் மனநலப் பணி செய்துவரும் ஸ்கார்ஃப் அமைப்பு, மறதி நோய்க்காக 'டெம்கேர்ஸ்' என்ற பிரிவை நடத்துகிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. குடும்பத்தினருக்கான ஆலோசனைக்கு இவர்களை அணுகலாம்.

மையத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். வீட்டில் அவரை எப்படி அழைப்பீர்கள், என்ன வேலை பார்த்தார், எந்தப் பாட்டு பிடிக்கும், எதைச் சொன்னால் கோபம் வரும், யாரைத் தேடி அழுவார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இறந்துபோன மனைவியைத் தேடும் ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் "அவங்க செத்துட்டாங்க" என்று சொல்லிப் புதிதாகத் துக்கம் கொடுக்காமல் இருக்க, பணியாளருக்கு அந்தக் குறிப்பு உதவும்.

இந்நோயாளிகள் பலருக்கு மாலை சாயச் சாயப் பதற்றம் கூடும். அதனால் நான்கு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடும்படி ஏற்பாடு செய்யுங்கள். பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் பொறித்த வளையமோ, சட்டைக்குள் தைத்த துணிச் சீட்டோ எப்போதும் இருக்க வேண்டும். காணாமல் போனால் காத்திருக்காமல் உடனே 112ஐ அழையுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்று உங்கள் போனில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

வெளியே போகவே முடியாதவருக்கு

படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவருக்கு உலகத்தைத்தான் வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

ஏஜென்சி வழியாக ஆள் வைத்தால், அவர் செய்யும் வேலைகளில் 'பேசிக்கொண்டிருப்பது' என்பதையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாப்பாடு கொடுத்துவிட்டு மீதி நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் நாளிதழில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது, பால்கனிக்கு அழைத்துப்போய் அரை மணி உட்கார வைப்பது, ஊரில் இருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போட்டுத் தருவது என்று எழுதிக் கொடுங்கள். ஆளை வைக்கும்போது ஆதார் நகல், முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளின் தொடர்பு ஆகியவற்றை வாங்கி, பேசிப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். அந்த ஆளுக்கும் ஓய்வு நேரமும் நல்ல சாப்பாடும் மரியாதையும் வேண்டும். அவர் நிம்மதியாக இருந்தால்தான் உங்கள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவார்.

எப்படிச் சொல்வது?

எல்லோரும் கூடி உட்கார்ந்து, "உங்களை ஒரு இடத்துல சேர்க்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்று தொடங்கினால் அன்றோடு கதை முடிந்தது. அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ஒருவர் மட்டும் பேசட்டும். சில வீடுகளில் அது பேத்தி, சில வீடுகளில் குடும்ப மருத்துவர்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை ஒரு இடத்துக்குப் போய்ட்டு வருவோம். நானும் லீவு போட்டிருக்கேன். பிடிச்சா இன்னொரு நாள் போவோம், பிடிக்கலைன்னா வேண்டாம்." இதில் சொன்னபடி நீங்களும் நடக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் வேறு இடம் பாருங்கள்.

"என்னைக் கொண்டுபோய் விட்டுருவியா?" என்று கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். "காலையில போய்ட்டு சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வந்துருவீங்கம்மா. ராத்திரி நம்ம வீட்டுலதான் சாப்பாடு, நம்ம வீட்டுலதான் தூக்கம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லி அழைத்துப்போய் மையத்தில் விடாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால், பிறகு நீங்கள் உண்மையாகவே கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: பணம் அனுப்புவதோடு, ஏதாவது ஒரு வேலையை முழுவதுமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மையங்களுக்குப் போன் செய்து விசாரிப்பது, வண்டிக்கான கட்டணத்தை நேரடியாகக் கட்டுவது, ஒவ்வொரு மாலையும் "இன்னைக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று அப்பாவிடம் கேட்பது, இவற்றை அங்கிருந்தே செய்யலாம்.

முதல் மாதமும் ஒரு வாரத் திட்டமும்

முதல் வாரத்தில் ஒரு நாள், அரை நாள் மட்டும். அடுத்த வாரம் இரண்டு நாள். மூன்றாம் வாரத்திலிருந்து முழுப் பகல். ஏழு நாளையும் நிரப்ப வேண்டியதில்லை. இரண்டாம் நிலையில் இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு திட்டம் போதும்:

திங்கள், புதன், வெள்ளி: பகல்நேர மையம், காலை பத்து முதல் மாலை நான்கு வரை.

செவ்வாய்: வீட்டில் ஓய்வு, மாலையில் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வருவது.

வியாழன்: காலையில் நூலகம் அல்லது கோயில், மதியம் இயன்முறைப் பயிற்சி.

சனி: உறவினருக்குப் போன், தோட்டம், சந்தை.

ஞாயிறு: குடும்பத்தோடு. டிவியை அணைத்துவிட்டு ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது.

முதல் இரண்டு வாரம் குறை சொல்வார்கள்: காபி சரியில்லை, அந்த அம்மா ஓயாமல் பேசுகிறாள், ஃபேன் சத்தம் போடுகிறது. பொறுமையாகக் கேளுங்கள். குறைகளில் பெயர்கள் வர ஆரம்பித்தால் நல்ல அறிகுறி; அங்கிருப்பவர்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். ஆனால் உடம்பில் சிராய்ப்பு, திடீர் எடைக் குறைவு, ஒரு பணியாளரின் பெயரைக் கேட்டாலே பயம், மாலையில் அளவுக்கு மீறிய மயக்கம் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் அனுப்புவதை உடனே நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

பராமரிக்கும் உங்களுக்கும்

அம்மா மையத்துக்குப் போகும் பகலில் நீங்கள் தூங்கினாலும் சினிமாவுக்குப் போனாலும் அது தவறில்லை. மருமகள் ஒருத்தியே வேலையை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளில், வாரத்துக்கு மூன்று பகல் ஓய்வு கிடைத்தால் நான்காம் நாள் அவர் பேச்சிலேயே கனிவு கூடும். அதன் பயன் முதியவருக்கே போய்ச் சேருகிறது. "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்குபவர்கள், ஊர் பகலில் வந்து உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் நல்லது, அந்த உறவையே வளர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், முடிவு உங்களுடையது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. பகல் முழுவதும் அப்பாவோ அம்மாவோ யாரோடெல்லாம் பேசினார் என்று மூன்று நாளைக்குக் குறித்து வையுங்கள்.

2. காது, கண் பரிசோதனைக்கு ஒரு நாள் குறியுங்கள்.

3. அவர் விரும்பிச் செய்த ஐந்து விஷயங்களை எழுதுங்கள். அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

4. 14567க்கு அழைத்து, உங்கள் பகுதியில் உள்ள மையங்களைக் கேளுங்கள்.

5. வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்தை நடந்து பாருங்கள்.

6. ஒரே ஒரு இடத்துக்கு, ஒரே ஒரு முறை, அவரோடு சேர்ந்து போய்வாருங்கள்.

ஒரு மாதம் கழித்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறாரா? இரவில் நன்றாகத் தூங்குகிறாரா? அங்கே இருக்கும் யாராவது ஒருவர் பெயர் அவர் பேச்சில் அடிக்கடி வருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் திட்டத்தைத் தொடருங்கள். இல்லையென்றால் அவரைக் குறை சொல்லாமல் இடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், துணையாக வரும் ஆளை மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நிலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறுபடி பார்த்துத் திட்டத்தைத் திருத்தி எழுதுங்கள்.